குறுக்குச் சட்டத்துக்கு மேலே

காலையிலிருந்து ஆற்றின் இரைச்சல் குறைந்துகொண்டே வந்தது ஏனென்று ஸ்வாவாவுக்குப் பிடிபடவில்லை. ஜூலை வெயில். மலையை மூடிய பனிப்பாளம் உருகி, மதியத்துக்குள் ஆறு சாம்பல் நிறத்தில் கரையை முட்ட வேண்டும்; அடியில் கற்கள் உருண்டு மோதும் கடகடப்பு சமையலறை வரை கேட்க வேண்டும். இன்று யாரோ குழாயைத் திருகி மூடியதுபோல் இருந்தது.

தம்பி கெஸ்துருக்குக் கொண்டாட்டம். அக்கரைக் கோடை மேய்ச்சலுக்கு ஆடுகளைப் பாலம் வழியாகச் சுற்றி ஓட்டினால் ஒரு நாள் போய்விடும். ஆறு இறங்கினால் படுகையின் கூழாங்கல் வெளியில் நேராக நடக்கலாம். அந்தப் பக்கத்துப் பண்ணைக்காரர்கள் எல்லோரும் செய்வதுதான். நூற்றுப்பத்து ஆடுகளோடு கிளம்பிவிட்டான். எட்டு கிலோமீட்டர் சமதளம். ஏறி நிற்க ஒரு மேடு கிடையாது.

காபி கலக்க எடுத்த வெள்ளிக் கரண்டி கறுத்திருந்தது. நேற்றுதான் துலக்கினாள். ஜன்னல் வழியே அழுகிய முட்டை நாற்றம் லேசாக வந்து, பிறகு தொண்டையில் ஒட்டிக்கொண்டது. எரிமலையின் வாயு அது; வெள்ளியையும் கறுக்கவைக்கும். பனிக்கடியில் மலையின் சூடு பனியை உருக்கும்போதுதான் வெளியே வரும். அப்படியானால் உருகிய தண்ணீர் எங்கே?

வாக்கி டாக்கியை எடுத்தாள்.

“கெஸ்துர், எங்கடா இருக்க?”

“நட்டநடுவுல. முழங்கால்கூட நனையலக்கா. முட்டைய வேகவெச்சு மறந்துட்டியா? இங்க வரைக்கும் நாறுது.”

“திரும்பி வந்துடு.”

“எந்தப் பக்கம் போனாலும் ஒரே தூரம்தான். ஆடுங்கதான் நகர மாட்டேங்குது. எல்லாம் மலையையே பாத்துட்டு நிக்குது.”

அவளும் பார்த்தாள். பனிப்பாளத்தின் முகப்பில் பழைய எரிமலைச் சாம்பல் கறுப்புக் கோடாக ஓடும். அவள் உட்கார்ந்திருந்த சமையலறை நாற்காலியிலிருந்து பார்த்தால் அது ஜன்னலின் குறுக்குச் சட்டத்துக்கு ஒரு விரல் கீழே தெரியும். பிறந்ததிலிருந்து அங்கேதான். காலையில் சட்டத்துக்குப் பின்னால் மறைந்திருந்தது. அவள் அதைப் பெரிதாக நினைக்கவில்லை.

இப்போது சட்டத்துக்கு மேலே.

அவள் அசையவில்லை. மூச்சுவிடவில்லை. கோடு ஏறியது.

ஆறு வற்றவில்லை. வெளியேற வழியில்லாமல் பனிக்கடியில் தேங்கியிருந்தது. பனி தண்ணீரைவிட லேசு. அதன் தடிமனில் பத்தில் ஒன்பது பங்கு ஆழத்துக்குத் தண்ணீர் சேர்ந்தால் போதும், மொத்தப் பாளத்தையும் தூக்கிவிடும்.

“அக்கா.” குரலில் சிரிப்பில்லை. “கல்லெல்லாம் நடுங்குது.”

பொத்தானை அழுத்தினாள். 

கோட்டுக்குக் கீழே, பனிக்கும் பாறைக்கும் நடுவில், மலையின் அகலம் முழுக்க ஒரு கறுப்பு இடைவெளி திறந்தது.

பனி மிதந்துவிட்டது.