லீவரின் அடியில் சிவப்புப் பொட்டு

அந்தப் பிற்பகல் நடந்ததை வரிசை பிசகாமல் சொல்ல முடியுமா என்று எனக்கே சந்தேகம்தான். நேரில் இருந்த அண்ணன்காரனே ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு விதமாகச் சொல்கிறான். கை விஷயம் மட்டும் மாறுவதில்லை.

அண்ணனும் தம்பியும் சேர்ந்து நடத்திய பழைய கார்ப் பட்டறை அது. இருவருக்கும் நடுவில் பிறந்தவள் ஒருத்தி. ஒரு வருடத்துக்கு முன், ஏற்றத்தில் கியர் நழுவி, வண்டி பின்னால் உருண்டு மரத்தில் மோதியதில் அவள் கணவர் போய்விட்டார்.

விபத்துக்கு முன், அந்த வண்டியின் கியர் லீவருக்கு, அது ஆடாமல் அடியில் பிடித்து நிறுத்தும் வளையமான புஷ்ஷைப் புதிதாகப் போடும் வேலையை அண்ணன் தம்பியிடம்தான் விட்டிருந்தான். ஆனாலும் தங்கை, "உன் கைதானேண்ணே பட்டுச்சு?" என்று கேட்டபோது, தம்பியைக் காட்டிக்கொடுக்க மனமில்லாமல் வாயை மூடிக்கொண்டான். அன்றோடு அவள் பேச்சை நிறுத்திவிட்டாள்.

இப்போது அதே வண்டி வந்து நின்றது. ஓடுகிற மாதிரி செய்து கொடுத்தால் போதும், கண்ணில் படாத இடத்துக்குப் போய்த் தொலையட்டும் என்று தம்பி மூலமாகச் சொல்லிவிட்டு, வாசலிலேயே நின்றாள்.

வண்டிக்குள் மக்கிய ஈர வாடை. அண்ணன் லீவரைப் பிடித்து ஆட்டினான். சேற்றில் நட்ட குச்சி போலக் கொழகொழவென்று ஆடியது. அவன் கைமேல் இன்னொரு கை வந்து படிந்தது.

சில்லென்று.

பிரமை என்று உதறிவிட்டு, ரப்பர் உறையை நீக்கி, திருகுகளைக் கழற்றி, லீவரை மேலே உருவினான். அடியில் புஷ்ஷே இல்லை. சைக்கிள் டியூப் துண்டு ஒன்றைச் சுற்றி நூலால் கட்டியிருந்தது.

வேலை முடித்தவர் லீவரின் அடியில் பெயிண்ட் பொட்டு வைப்பது அந்தப் பட்டறை வழக்கம். தம்பிக்கு மஞ்சள். அண்ணனுக்குச் சிவப்பு.

பொட்டு சிவப்பாக இருந்தது.

அண்ணன் வைத்த பொட்டு அல்ல அது. அவன் புது லீவரில் புது புஷ்ஷைப் பொருத்தி, கிரீஸ் தடவி, இறக்கி முடுக்கினான். பழைய லீவரைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு வெளியே வந்து, தம்பியை உட்கார்ந்து கியர் போட்டுப் பார்க்கச் சொன்னான்.

இஞ்சினை இன்னும் கிளப்பவே இல்லை. லீவர் நடுங்கியது.

"அண்ணே, கையை எடு. வலிக்குது."

அண்ணன் கதவுக்கு வெளியே நின்றான். அவனுடைய இரண்டு கைகளிலும் துணிப்பொட்டலம் இருந்தது.

தம்பி குனிந்து பார்த்தான். அவன் விரல்கள் வெளுத்துப்போய் லீவரின் குமிழோடு ஒட்டியிருந்தன.

"மாமா... விடுங்க மாமா."

பிறகு எல்லாம் முணுமுணுப்பாக வந்தது. புஷ் வர இரண்டு நாளாகும் என்றார்களாம். மாமா அவசரப்படுத்தினாராம். டியூபைச் சுற்றிக் கொடுத்துவிட்டானாம்.

"பொட்டு?" என்றான் அண்ணன்.

"ஏதாவது ஆச்சுன்னா... நீ சமாளிச்சுப்பேன்னு."

வாசலில் நின்றவள் எப்போது உள்ளே வந்தாளோ தெரியாது. தம்பியின் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. அவன் கைக்கு மேலிருந்த வெற்றிடத்தைப் பார்த்து மெதுவாகச் சொன்னாள்:

"விட்டுடுங்க. போகட்டும்."

கை விடுபட்டது.

தம்பி இப்போது வேறு ஊரில் துணிக்கடையில் இருக்கிறான். தங்கை அண்ணனிடம் பேசுகிறாள், அளவாக. இஞ்சினும் கியர் பெட்டியும் கழற்றப்பட்ட வண்டி, வெறும் கூடாகப் பட்டறை மூலையில் நிற்கிறது. ஓட்டுகிறவர் இருக்கை மட்டும் ஓர் ஆள் கனத்துக்கு அமுங்கியே இருக்கிறது.