கைக்கடியில் துடித்தது

அவள் கைக்கடியில் இருந்த கட்டுத்துணி காய்ந்துதான் இருந்தது. ஆனால் அவள் செருப்பு தரையில் ஒட்டி ஒட்டிப் பிரிந்தது.

கணவரின் கல்லீரல் புற்றுநோய்க் கட்டிக்கு மருந்து செலுத்த, காலையில் தொடையிடுக்கு ரத்தக்குழாயில் துளை போட்டிருந்தார்கள். அந்த இடம் மறுபடி கசிந்ததும் நர்ஸ் அவள் கையைப் பிடித்து அதன் மேல் அழுத்தி வைத்தாள். "டாக்டர் போனை எடுக்க மாட்டேங்கறாரு. நேர்ல போய்க் கூட்டிட்டு வந்துடறேன். என்ன ஆனாலும் கையை எடுக்காதீங்கம்மா" என்று சொல்லிவிட்டு ஓடினாள்.

கணவர் சிரித்தார். "இத்தனை வருஷத்துல இவ்வளவு நேரம் என் பக்கத்துல நின்னிருக்கியா நீ?"

"வாயை மூடிட்டு ஆடாம படுங்க."

"கையை எடுத்துடாதடி." இந்த முறை சிரிப்பு இல்லை.

"எடுக்க மாட்டேங்க."

வெளியே மழை பிடித்துக்கொண்டது. பகலிலேயே அறை இருட்டிவிட, மருந்து நெடிக்கு அடியிலிருந்து துருப்பிடித்த வாளியைப் போன்ற வாடை மெல்ல எழுந்து வந்தது. மூலையில் குழாய் சொட்டுகிறது என்றுதான் முதலில் நினைத்தாள், ஆனால் அந்தச் சத்தம் கட்டிலுக்கு அடியிலிருந்து, அவசரமே இல்லாமல் கேட்டுக்கொண்டிருந்தது. குனிந்தால் கை நழுவிவிடும். அவள் குனியவில்லை. உள்ளங்கைக்கடியில் டக் டக்கென்று துடித்தது. அந்தத் துடிப்புதான் அவள் வயிற்றில் பாலை வார்த்தது.

"தூங்கிட்டீங்களா?"

உதடு வெளுத்திருந்தது. இன்னும் அழுத்தினாள். துடிப்பு வேகமானது. தோள் மரத்தது. அழுதாள். கையை எடுக்கவில்லை.

சொட்டுவது நின்றது.

டாக்டர் நர்ஸோடு ஓடி வந்து போர்வையை விலக்கினார். மேலே கசியாத ரத்தமெல்லாம் இடுப்புக்கடியில் வழிந்து மெத்தை முழுக்க ஊறியிருந்தது. அவர் நெஞ்சை அமுக்கினார். மறுபடி மறுபடி அமுக்கினார். கடைசியில் நிமிர்ந்து நின்றுவிட்டார்.

"ஏன் நிறுத்திட்டீங்க? துடிக்குதே டாக்டர்! இங்க பாருங்க, துடிக்குதே!"

"அது உங்க நாடிம்மா" என்றார் டாக்டர், அவள் முகத்தைப் பார்க்க முடியாமல்.

அவள் நெஞ்சு உடைந்தது. இவ்வளவு நேரமும் தன் உயிரைத்தான் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறாள்.

நர்ஸ் அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள். கை மேலே வந்தது.

அவர் வாய் அசையவில்லை. கண் இமைக்கவில்லை. ஆனாலும் குரல் கட்டிலிலிருந்துதான் வந்தது. நர்ஸுக்கும் கேட்டது, அவள் வெடுக்கென்று பின்வாங்கினாள்.

"எடுத்துட்டியாடி?"