நாற்பத்தேழாம் எண் டப்பா

டாக்டர் லாவண்யா கதவைத் தட்டாமல் உள்ளே வந்தால் விஷயம் பெரிது என்று அர்த்தம். அன்று அவர் தட்டவில்லை. கையிலிருந்த கோப்பை ஜெயசீலியின் மேசைமேல் வைத்துவிட்டு நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

"ஜெயசீலி, எனக்கு ஒரு ஆளைக் கண்டுபிடிச்சுக் குடுங்க."

"பேர் என்ன மேடம்?"

"அதுதான் தெரியல."

அந்த ஆய்வு அலுவலகம் திருவேற்காட்டில் ஒரு பேக்கரிக்கு மேல்மாடியில் இருந்தது. சிறுநீர்ப்பைப் புற்றுநோயை, அது தொல்லை கொடுக்கத் தொடங்கும் முன்பே சிறுநீரை வைத்துக் கண்டுபிடிக்க முடியுமா என்பதுதான் ஆய்வு. ஐம்பது வயது தாண்டிய ஆண்கள் முந்நூறு பேர் அதில் சேர்ந்திருந்தார்கள். கீழே பன் வேகும் வாசனை, மேலே வரிசை வரிசையாகச் சிறுநீர் டப்பாக்கள். இந்த இரண்டுக்கும் நடுவில் மனுஷிக்கு எப்படிப் பசிக்கும் என்று வேலைக்குச் சேர்ந்த புதிதில் ரெனிதா கவலைப்பட்டதுண்டு. ஒரே வாரத்தில் பழகிவிட்டது. இப்போது பதினோரு மணியானால் தானாகவே பசிக்கிறது.

வீடு வீடாகப் போய் வெற்று டப்பாவைக் கொடுத்து, மறுநாள் காலையில் நிரம்பியதை வாங்கி வருவது ரெனிதாவின் வேலை. வருகிற டப்பாக்களைப் பதிந்து பரிசோதனைக்கு அனுப்புவது ஜெயசீலி. ஆவடியிலிருந்து தினமும் பஸ்ஸில் வருகிறவள். அவள் அதிர்ந்து பேசி யாரும் கேட்டதில்லை. எது தொலைந்தாலும் அலுவலகமே அவளிடம்தான் போய் நிற்கும்.

லாவண்யா கோப்பைத் திறந்தார். "நாற்பத்தேழாம் எண். கோதண்டம், வயசு ஐம்பத்தெட்டு. முதல் டப்பாவில புற்றுநோய் செல் இருந்துது. உடனே வரவழைச்சு, குழாய் விட்டு கேமராவில பார்த்தேன். சுத்தமா இருக்கு. திரும்ப ரெண்டு தடவை சிறுநீர் எடுத்தோம். அதுவும் சுத்தம்."

"அப்ப முதல் டப்பா அவரோடது இல்ல," என்றாள் ஜெயசீலி.

"இல்ல. ஆனா யாரோ ஒருத்தரோடது. அந்த ஆளுக்கு நோய் ஆரம்பிச்சிருக்கு, அவருக்கே தெரியாது. இப்ப கிடைச்சா சுரண்டி எடுத்துட்டு வீட்டுக்கு அனுப்பிடலாம். ஒரு வருஷம் விட்டா..." லாவண்யா அந்த வாக்கியத்தை முடிக்கவில்லை. "சனிக்கிழமை கமிட்டி. அதுக்குள்ள தெரியலைன்னா 'பரிசோதனைக்கூடப் பிழை'ன்னு எழுதி மூடிடுவாங்க. அப்புறம் யாரும் தேட மாட்டாங்க."

அன்றைக்குப் பையைச் சுமந்து வந்தவள் ரெனிதா. பெயர்ச் சீட்டுகளை ஒட்டியவளும் அவள்தான். எங்கோ முகம் தெரியாத ஒருவர் காலையில் எழுந்து பல் துலக்கி, தனக்கு ஒன்றுமில்லை என்று நினைத்துக்கொண்டு இருப்பார். அந்த நிம்மதியைத் தான்தான் தவறுதலாகக் கொடுத்துவிட்டோம் என்று அவளுக்குத் தோன்றியது. இப்படிப்பட்ட எண்ணங்கள் அவளுக்குச் சீக்கிரம் வரும், போகத்தான் நாளாகும்.

"நான்தான்கா மாத்தி ஒட்டியிருப்பேன்," என்றாள்.

ஜெயசீலி அவளைப் பார்த்துவிட்டு அன்றைய பதிவேட்டைப் புரட்டினாள். "அன்னிக்கு நீ கொண்டாந்தது பதினொண்ணு. ஒவ்வொரு டப்பாவிலயும் புகையிலை சுவடு இருக்கான்னு பார்த்திருக்கோம், இல்ல? கோதண்டம் ஒரு நாளைக்கு இருபது பீடி பிடிப்பாராம், அவரே சொல்லி நீயே எழுதியிருக்க. ஆனா நாற்பத்தேழுல புகையிலையே இல்ல."

"அதான்கா, மாறிடுச்சு."

"பொறு. மாறியிருந்தா ரெண்டு தப்பு இருக்கணும். அவரோட டப்பா வேற பேர்ல போயிருந்தா, பீடியே தொடாத யாரோ ஒருத்தர் பேர்ல புகையிலை காட்டியிருக்கும். மீதி பத்தையும் பாரு. பிடிக்கிறவங்களுக்கு இருக்கு, பிடிக்காதவங்களுக்கு இல்ல. இங்க ஒரே ஒரு தப்புதான் இருக்கு. சீட்டு மாறல ரெனிதா. டப்பாவுக்குள்ள போனதுதான் மாறியிருக்கு."

ரெனிதாவுக்கு மூச்சு வந்தது. வந்த கையோடு ஆர்வமும் வந்தது.

"இன்னும் ரெண்டு குறிப்பு இருக்கு," என்றாள் ஜெயசீலி. "எடுத்த நேரம், வீட்டில சொல்லி நீ எழுதினது: காலை ஐந்து பத்து. நிறம்: ஆரஞ்சு."

"ரத்தமா மேடம்?" என்று கேட்டாள் ரெனிதா.

"ரத்தம்னா சிவப்பா இருக்கும், இல்ல டிகாஷன் மாதிரி இருக்கும்," என்றார் லாவண்யா. "பளிச்சுனு ஆரஞ்சுன்னா பெரும்பாலும் நீர்க்கடுப்பு எரிச்சலுக்குப் போடுற மாத்திரையாலதான். கோதண்டத்தைக் கேட்டேன். எரிச்சலும் இல்ல, மாத்திரையும் இல்ல."

ஜெயசீலி பதிவேட்டை ரெனிதாவின் பக்கம் திருப்பினாள். "'கொடுத்தவர்'னு ஒரு கட்டம் இருக்கே, அதுல என்ன எழுதியிருக்க?"

"'மனைவி'ன்னு."

"பேரு?"

ரெனிதா யோசித்தாள். அந்த வீட்டுக்கு ஐந்து முறை போயிருக்கிறாள். இரண்டு முறை மோர் வாங்கிக் குடித்திருக்கிறாள். பெயர் தெரியவில்லை.

மறுநாள் செவ்வாய்க்கிழமை, காலை ஒன்பதரை. கோதண்டத்தின் குட்டியானை சரக்கு வண்டி தெருவில் நின்றது. மாடிப்படி ஏறும்போதே அவர் குரல் வரவேற்றது.

"இன்னாம்மா, மறுபடியும் டப்பாவா? டப்பா எத்தினி வேணாலும் தர்றேன். அந்த டியூப்பு மட்டும் வேணாம். உள்ள கேமராவ உட்டு எம்மாம் படம் புடிச்சாங்க தெரியுமா? என் கல்யாணத்துக்குக்கூட அத்தினி படம் புடிக்கல."

"நல்லா வந்துகீதாமா மாமா?" என்றான் மூலையில் உட்கார்ந்திருந்த, அந்த வீட்டிலேயே தங்கியிருக்கும் மச்சினன் ஹேமநாதன். வாய்க்குள் எதையோ அதக்கியிருந்ததால் பேச்சு பாதி விழுங்கியபடி வந்தது. "பெருசு பண்ணி கூடத்துல மாட்டிடலாம்."

"நீ மூட்றா மச்சான்."

ஜெயசீலி சிரித்துக்கொண்டே உட்கார்ந்தாள். "வண்டிய காலைல எத்தனை மணிக்கு எடுப்பீங்கண்ணே?"

"மூணரைக்கு எயிந்து நாலுக்கெல்லாம் கோயம்பேட்டுக்கு கெளம்பிருவேன். கடைங்களுக்கு காய் எறக்கிட்டு ஊட்டுக்கு வர ஒம்போதாவும்."

"ஒரு நாள்கூட லேட்டாகாதா?"

"லேட்டா போனா இன்னா கெடைக்கும்? வாடுன கீரதான்."

நான்கு மணி என்று ரெனிதா மனத்துக்குள் சொல்லிக்கொண்டாள். டப்பாவில் ஐந்து பத்து. அவள் பார்வை தானாக ஹேமநாதன் மேல் போயிற்று. அந்த நேரத்தில் இந்த வீட்டில் இருந்த ஆண் அவன் ஒருவன்தான். ஜெயசீலியின் காதருகே குனிந்து, "அக்கா, இவர்தான்," என்றாள்.

"வாயைப் பாரு," என்றாள் ஜெயசீலி உதடு அசையாமல்.

அப்போதுதான் ஹேமநாதன் எழுந்து பால்கனிக்குப் போய்ப் புகையிலைச் சாற்றைத் துப்பிவிட்டு வந்தான். ஒரு நிமிடத்தில் ரெனிதா கட்டிய கோட்டை அந்தத் துப்பலோடு போயிற்று.

கோதண்டத்தின் மனைவி மோர் கொண்டுவந்தாள். ரெனிதா இந்த முறை கேட்டாள். "உங்க பேர் என்னங்க?"

கேள்வி எங்கோ வழி தவறி வந்ததுபோல அவள் ஒரு கணம் பார்த்தாள். "தாட்சாயிணிம்மா."

"நீங்க குடிக்கலையா?"

"செவ்வாக்கெயமை. ஒண்ணும் வாயில வெக்க மாட்டேன். அவுரு முட்டி வலிக்கு வேண்டிக்கினுகீறேன்."

"இந்த ஊட்டு கணக்கே தனிங்க," என்றான் ஹேமநாதன். "மாமாக்கு முட்டி வலின்னா அக்கா பட்டினி. மாமா லைசென்ஸ் எடுக்க மாங்காட்டுல அக்கா அடிப்பிரதட்சணம். மாமாக்கு பல்லு வலி வந்தப்ப அக்கா ஒரு மாசம் உப்பு இல்லாம துன்னுச்சு. மாமா ஆட்டிறைச்சி துன்னுகினே வலி கொறஞ்சிட்ச்சுன்னாரு."

"கொறஞ்சுதா இல்லியா?" என்றாள் தாட்சாயிணி. அவள் வேடிக்கையாகக் கேட்கவில்லை.

எல்லோரும் சிரித்தார்கள். ஜெயசீலி மட்டும் சிரிப்பைப் பாதியில் நிறுத்தி, "பாத்ரூம் எங்கே இருக்கு?" என்று கேட்டு எழுந்து போனாள். திரும்பி வந்தவள் கூடத்துக்கு வரவில்லை. நேராகச் சமையலறைக்குள் போனாள். வாசலிலிருந்து ரெனிதாவுக்கு இருவரின் முதுகு மட்டும் தெரிந்தது. ஜெயசீலி தணிந்த குரலில் ஏதோ கேட்டாள். தாட்சாயிணி கையிலிருந்த டம்ளரைப் பாத்திரம் கழுவும் தொட்டியில் வைத்தாள். பிறகு தலையசைத்தாள்.

"நானே சொல்றத விட நீ சொல்லும்மா. எனக்கு வாய் வராது," என்பது மட்டும் கேட்டது.

ஜெயசீலி எல்லோரையும் உட்காரவைத்தாள். "அண்ணே, அன்னிக்கு டப்பாவில நீங்க போனது ஞாபகம் இருக்கா?"

கோதண்டம் தலையைச் சொறிந்தார். "மெய்யா சொல்லணும்னா இல்ல. ஊட்டுக்கு வந்து கேட்டேன், 'அதெல்லாம் குட்தாச்சு'ன்னா. தூக்கத்துல போயிட்டேன் போலன்னு உட்டுட்டேன். மூணரை மணிக்கு நான் இன்னா செய்றேன்னு எனக்கே தெரியாது."

"நீங்க மறந்துட்டு நாலு மணிக்குக் கிளம்பிட்டீங்க. டப்பா நிரம்புனது ஐந்து பத்துக்கு. அப்ப வீட்டில இருந்தது ரெண்டு பேர். ஹேமநாதன் வாயில எந்நேரமும் புகையிலை. டப்பாவில புகையிலை இல்ல. அதனால அவர் இல்ல. அது ஆரஞ்சா இருந்துது. எரிச்சல் மாத்திரை போடுறவங்களுக்குத்தான் அப்படிப் போகும், அந்தக் கறை லேசுல போகாது. உங்க பாத்ரூம் வெள்ளை டைல்ஸ்ல அந்தக் கறை இருக்கு. தேய்ச்சுத் தேய்ச்சு ஓய்ஞ்சு போயிருக்காங்க."

கோதண்டம் மெல்லத் திரும்பி மனைவியைப் பார்த்தார்.

"நாங்க முந்நூறு ஆம்பளைங்களை யோசிச்சோம்," என்றாள் ஜெயசீலி. "பொம்பளைன்னு ஒருத்தரும் யோசிக்கல. ஏன்னா எங்க ஆய்வில பொம்பளைங்களே கிடையாது. ஆனா முட்டி வலிக்கு ஒருத்தர், பட்டினிக்கு ஒருத்தர்னு நடக்குற வீட்டில, டப்பாவையும் இவங்களே நிரப்பியிருப்பாங்கன்னு ஹேமநாதன் சொன்னப்பதான் எனக்குப் புரிஞ்சுது."

"நான் இன்னா சொன்னேன்?" என்றான் ஹேமநாதன் திடுக்கிட்டு.

தாட்சாயிணி முந்தானையை விரலில் சுற்றினாள். "ஏயு மணிக்கு இந்தப் பொண்ணு வரும். மாடி ஏறி வர்றவள வெறுங்கையோட அனுப்பறதா? அவுருக்காக எல்லாம் செய்றேன், இத்த செய்யக்கூடாதான்னு நெனச்சேன். அப்பால டாக்டரம்மா கூப்ட்டு, அவுருக்கு கேன்சரா இருக்கும்னாங்களே, அன்னிக்கு உசுரு போச்சு. டியூப்பு உட்டு பாத்துட்டு ஒண்ணும் இல்லன்னாங்க. எனக்கு எம்மாம் சந்தோசம் தெரியுமா? பஸ்ல வர்றப்பதான் தோணுச்சு, அப்ப அது என்னுதுன்னு. அவுருக்கு இல்லல்ல, அது போதும்னு இருந்துட்டேன்."

ரெனிதா அவள் முகத்தைப் பார்த்தாள். அதில் தியாகம் என்று எதுவும் எழுதியிருக்கவில்லை. நல்ல செய்தி கேட்டவளின் முகம்தான் அது. அந்தச் செய்தியில் தனக்கும் ஒரு பங்கு வேண்டும் என்பது அவளுக்குத் தோன்றவேயில்லை. ரெனிதாவுக்குக் கோபம் வந்தது. யார்மேல் என்று தெரியவில்லை. 'மனைவி' என்று எழுதிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போன தன் பேனாவின் மேலாகவும் இருக்கலாம்.

"எம்மாம் நாளா எரிச்சல்?" என்று கேட்டார் கோதண்டம்.

"ஒரு வருசமா வருது, போவுது. ரெண்டு மூணு தபா செவப்பாவும் போச்சு. மெடிக்கல்ல சொன்னா சூடுன்னு மாத்திர குடுப்பாரு."

"எங்கிட்ட சொல்லல."

"நீ கேக்கல."

கோதண்டம் எழுந்தார். சட்டையை மாட்டினார். பித்தானை மாற்றிப் போட்டார், கழற்றி மறுபடி போட்டார், மறுபடியும் மாறியது. "வண்டியில ஏறு," என்றார். "மொதல்ல துன்னு. அப்பால ஏறு."

"செவ்வாக்கெயமைய்யா."

"முட்டி என்னுது. அது வலிச்சா வலிக்கட்டும். டேய் மச்சான், இட்லி வாங்கியா."

லாவண்யா அன்று மதியமே பரிசோதித்தார். அடுத்த வாரம் குழாய் வழியாகவே அதை எடுத்தார். பச்சைப் பட்டாணி அளவு. மேல்தோலோடு நின்றிருந்தது, சதைக்குள் இறங்கவில்லை. மருந்தை உள்ளே செலுத்திச் சில வாரம் கழுவ வேண்டும், மூன்று மாதத்துக்கு ஒருமுறை வந்து காட்ட வேண்டும், அவ்வளவுதான் என்றார். அந்த 'அவ்வளவுதான்' கேட்டதும் மருத்துவமனை வராந்தாவில் கோதண்டம் சுவரோடு சாய்ந்து குழந்தைபோல அழுதார். ஹேமநாதன் அவரைத் தட்டிக்கொடுத்துவிட்டு, "அக்கா ஆல்பமும் வந்துரும் மாமா," என்றான். அழுகை நடுவில் அவர் சிரித்துவிட்டார். பக்கத்து வார்டிலிருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

அதற்கு முன்பே, அந்தச் சனிக்கிழமைக் கமிட்டியில் 'பரிசோதனைக்கூடப் பிழை' என்ற வரி அடிக்கப்பட்டிருந்தது. பெண்களுக்கு இது குறைவாக வருவது உண்மைதான். ஆனால் வருகிறவர்களை நீர்க்கடுப்பு என்று அனுப்பிவிடுவதால் தாமதமாகத் தெரிகிறது, ஆகவே அவர்களையும் சேர்க்கவேண்டும் என்று லாவண்யா வாதாடினார். ஒரு மாதத்தில் அனுமதி வந்தது.

முதல் நாள் ரெனிதா இருபது டப்பாக்களோடு அந்தத் தெருவுக்குப் போனாள். ஐந்து பேராவது சேர்ந்தால் நல்லது என்ற எண்ணம். முனையில் தாட்சாயிணி சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு காத்திருந்தாள். பையைப் பிடுங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டு முதல் கதவைத் தட்டினாள்.

கதவைத் திறந்த பெண் டப்பாவைப் பார்த்ததும் கையைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "அவுரு வேலைக்குப் போய்கீறாரே. நாளிக்கு காத்தால வாங்கி வெக்கிறேன்."

"உன் ஊட்டுக்காரருது யாருக்குடி வேணும்?" என்றாள் தாட்சாயிணி, டப்பாவை அவள் கையில் திணித்து. "உன்னுத குடு."