காலி என்று குறித்தவை

“மெதுவா அழுதா அதுக்குக் கேக்குமாம்மா?” என்று மகள் ஒருநாள் கேட்டாள். கூடத்துச் சுவரில் பதித்திருந்த வெள்ளைப் பெட்டியைத்தான் சொன்னாள். அப்போது அவளுக்கு ஆறு வயது முடிந்திருந்தது. துணி மடித்துக்கொண்டிருந்த அம்மா, “அதுக்குக் காது வச்சதே உங்கம்மாதான். கேக்காம எங்க போகும்?” என்று சிரித்தாள்.

அவள் சொன்னதில் பெருமை இருந்தது, பொய் இல்லை. பதினோரு வருடமாக அவள் வேலையே அதுதான். இயந்திரங்களுக்குக் கேட்கத் தெரியாதிருந்த காலத்தில், ஐம்பது பேர் ஓர் அறையில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு உட்கார்ந்து, யார் யார் வீட்டிலோ பதிவான பத்துப் பத்து விநாடி ஒலிகளைக் கேட்டு, ஒவ்வொன்றும் என்னவென்று குறிப்பார்கள். பேச்சு, அழுகை, இரைச்சல், காலி. நாலே பொத்தான்கள். அந்தக் குறிப்புகளைத் தின்று வளர்ந்ததுதான் இன்று வீட்டுக்கு வீடு விளக்கையும் மின்விசிறியையும் வாசல் பூட்டையும் பார்த்துக்கொள்கிறது. நாளைக்கு மருத்துவமனைக் கட்டில்களையும் அதனிடமே விடப்போகிறார்களாம்.

மழை பிடித்த அந்தச் சாயங்காலம், காய்ச்சலோடு இருந்த மகளைப் படுக்க வைத்துவிட்டு அவள் மொட்டைமாடித் துணிகளை எடுக்கப் போனாள். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. ஈரத் துணியின் வாடையோடு படியிறங்கி வந்து வாசலில் நின்றபோது, சாத்திய கதவுக்குப் பின்னால் பெட்டி வழக்கமான மரியாதையோடு சொல்வது கேட்டது.

“வீட்டில் யாரும் இல்லை.”

பூட்டு விழுந்தது. சன்னலில் தெரிந்த வெளிச்சம் அணைந்தது. மின்விசிறியின் முனகல் தேய்ந்து நின்றது. அந்த அமைதிக்கு அடியில், தலையணையில் முகம் புதைத்து அழும் மகளின் குரல் விடாமல் வந்துகொண்டிருந்தது.

மூன்று முறை விரலை வைத்த பிறகே பூட்டு திறந்தது.

பெட்டியைக் கழற்ற முடியாது. கட்டடத்தின் எல்லாப் பூட்டுகளும் அதன் கையில்தான். கணவருக்கு வெளியூர் வேலை. இதுவரை வீட்டிலிருந்தே வேலை பார்த்த அவளும் திங்கட்கிழமையிலிருந்து அலுவலகத்துக்குப் போயாக வேண்டும். பள்ளிவிட்டு வரும் மகள் தினமும் இரண்டு மணி நேரம் இதன் பொறுப்பில் இருப்பாள். அம்மா பெட்டியைப் பார்த்தாள். அதன் பச்சைப் புள்ளி அசையாமல் எரிந்தது. அதற்குக் கேட்கவில்லையா, கேட்டும் இல்லையென்று சொல்கிறதா?

ஒலி குறித்த அந்த ஆரம்ப நாட்களில் பக்கத்து இருக்கையில் இருந்த தோழியை அழைத்தாள். வாய் ஓயாதவள் என்பதால் அலுவலகமே அவளைக் கிளி என்றுதான் கூப்பிடும். நடந்ததைக் கேட்டுவிட்டுக் கிளி, பெட்டிக்கும் வயதாகியிருக்கும், காதில் பஞ்சு வைத்திருக்கும் என்று கேலி செய்தாள். மாதக் கடைசியில் எண்ணிக்கை முடிக்க இருவரும் அவசர அவசரமாகக் ‘காலி’ என்று குறித்துத் தள்ளியதை இவள் பேச்செடுத்ததும் கிளியின் குரல் மாறியது.

“பழசக் கிளறாதடி. ‘சந்தேகம்னா காலி’ன்னு சொல்லிக் குடுத்ததே சூப்பர்வைசர்தான.”

“எனக்குச் சந்தேகமே இல்ல கிளி. மூணு தடவை கேட்டேன். ஏதோ ஒரு குழந்தை, கதவுக்கு அந்தப் பக்கம். தெரிஞ்சேதான் காலின்னு போட்டேன்.”



“நானும் போட்டிருக்கேன்” என்று மட்டும் சொல்லிவிட்டுக் கிளி வைத்துவிட்டாள்.

மகள் மாத்திரை மயக்கத்தில் கண்ணயர்ந்தாள். குளிர்காற்றுக்குப் படுக்கையறைக் கதவைச் சாத்தித் தாழிட்டுவிட்டு, அம்மா கட்டிலில் அவளருகே உட்கார்ந்து மடிக்கணினியைத் திறந்தாள். பழைய பதிவுகள் அவளுடைய பணி எண்ணின் கீழ் அப்படியே இருந்தன. காலி என்று அவள் குறித்தவை எழுநூற்றுச் சொச்சம். இப்போது திருத்தினாலும் உடனே எல்லா வீட்டுப் பெட்டிகளுக்கும் போய்ச் சேரும். யாரும் கேட்கவில்லை, யாரும் பார்க்கப்போவதும் இல்லை. யாருக்கும் தெரியாமல் செய்த பிழையை யாருக்கும் தெரியாமலே திருத்துவோம், கடவுளுக்குத் தெரிந்தால் போதும் என்று கைகூப்பிவிட்டு ஹெட்போனை ஒரு காதில் மட்டும் வைத்துக்கொண்டாள்.

முதல் ஒலி. ஏதோ குழாயின் சொட்டு, தூரத்து வண்டி, இவற்றுக்கு அடியில் மூச்சை அடக்கி அடக்கி விசும்பும் ஒரு சின்னக் குரல். பதினோரு வருடமாக அது அங்கேயேதான் இருந்திருக்கிறது. ‘காலி’யை அழித்தாள். ‘அழுகை’ என்று குறித்தாள்.

கூடத்தில் பெட்டி பேசியது.

“வீட்டில் மூன்று பேர் இருக்கிறார்கள்.”

அவள் மகளைப் பார்த்தாள். தன்னைச் சேர்த்து எண்ணினாள். இரண்டுதான். எந்திரம்தானே, தடுமாறுகிறது என்று சொல்லிக்கொண்டாள். அடுத்ததைத் திருத்தினாள்.

“வீட்டில் நான்கு பேர் இருக்கிறார்கள்.”

கூடத்து விளக்கு எரிந்தது. கதவிடுக்கில் வெளிச்சம் கோடாக விழுந்தது.

ஐந்து. கூடத்து மின்விசிறி சுழலத் தொடங்கியது. ஆறு. சமையலறை விளக்கு. ஏழு.

பால்வாடை. ஈரத்தலையின் வாடை. மகளுடையது அல்ல.

கதவடியில் வெளிச்சக் கோடு துண்டு துண்டானது. நிழல்கள். இரண்டிரண்டாக. சின்னச் சின்னப் பாதங்கள்.

கதவுக்கு அந்தப் பக்கம்.

நிறுத்தலாம். மூடி வைத்தால் போதும். எல்லாம் பழையபடி காலி ஆகிவிடும். வாய் எதையோ வேண்டிக்கொண்டது. எழுந்துபோய்த் தாழ்ப்பாளில் கை வைத்தாள்.

தாழைத் திறந்தாள். திரும்பிப் பார்க்காமல் வந்து உட்கார்ந்தாள்.

மகள் தூக்கத்திலேயே சுவரோரமாக நகர்ந்து படுத்தாள், யாரோ இடம் கேட்டதுபோல. அவள் விட்ட பாதித் தலையணை மெல்ல அமுங்கியது.

அம்மா போர்வையை அதன்மேலும் இழுத்துவிட்டாள். பிறகு அடுத்த ஒலியைத் தட்டினாள்.