சுவர் துப்பிய திருகாணிகள்

காலையில் பூங்கோதை கழிவறைக் கதவைத் திறந்தபோது நான்கு திருகாணிகளும் தரையில் கிடந்தன. கைப்பிடிக் கம்பி மூலையில் சரிந்திருந்தது. முந்தின மாலை அவள்தான் துளையிட்டு, கம்பியை முடுக்கி, தன் முழு எடையையும் அதில் தொங்கவிட்டுச் சோதித்திருந்தாள். இப்போது சுவரில் துளையைக் காணோம். தடவிப் பார்த்தால் வழவழவென்று இருந்தது.

"மறுபடியும் துப்பிருச்சா கண்ணு?" படுக்கையிலிருந்தே கேட்டாள் அம்மா மரகதம்.

"துப்பிருச்சும்மா."

"உங்கப்பாவாட்டமே. புடிக்காதத வாயில வெச்சுக்கவே மாட்டாரு."

மரகதம் இடுப்பெலும்பு முறிந்து, அறுவைச் சிகிச்சை முடிந்து, இப்போதுதான் நடக்கத் தொடங்கியிருந்தாள். உட்கார்ந்து எழும்போது பிடித்துக்கொள்ள ஏதாவது வேண்டும். இன்னொரு முறை விழுந்தால் எழுப்ப முடியாது என்று மருத்துவர் சொல்லியிருந்தார். பூங்கோதை லிஃப்ட் பொறியாளர். ஓசூரில் புது வேலை. திங்கட்கிழமை சேர வேண்டும். நாற்பது மாடி லிஃப்டைத் தொங்கவிடத் தெரிந்தவளுக்கு ஒரு முழக் கம்பியைச் சுவரில் நிறுத்த முடியவில்லை. நீளமான திருகாணி, பசை எல்லாம் பார்த்தாயிற்று. பசை மறுநாள் காலையில் வெயிலில் உரிந்த தோல்போல மடங்கிக் கிடந்தது.

குற்றம் சுவருடையதல்ல. அது தன் வேலையைச் சரியாகவே செய்தது. ஈரோட்டில் இப்போது எல்லா வீடும் நினைவுக்காரையால் கட்டியதுதான். கடைக்காரர்கள் மெமரி சிமெண்ட் என்பார்கள். அதில் மணலளவு உணரிகள் கோடிக்கணக்கில் கலந்திருக்கும். ஒவ்வொரு உணரிக்கும் தன் பக்கத்து உணரி எது என்று தெரியும். வீடு அடங்கியதும் அவை தங்கள் இடத்தை, வீட்டின் அமைப்பு பதிந்த மூலப்படிவத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கும். விரிசல் இருந்தால் நகர்ந்து நிரப்பும். அந்நியப் பொருள் இருந்தால் கொஞ்சங்கொஞ்சமாக வெளியே தள்ளும். உயிருள்ளதை மட்டும் தள்ளாது. ஆரம்ப காலத்தில் சுவரோரம் தூங்கிய குழந்தைகளை அது உருட்டிவிட்டதால், சூடும் மூச்சும் உள்ள எதையும் தொடக் கூடாது என்று பிறகு விதி சேர்த்தார்கள். ஆணி அடிக்க விரும்பினால் வீட்டுக்காரர் போனில் படிவத்தைப் புதுப்பித்தால் போதும். அரை நிமிட வேலை.

இந்த வீட்டின் படிவத்துக்குப் பூட்டுப் போட்டிருந்தது நீதிமன்றம்.

சொத்து வழக்கு வந்தால், தீர்ப்பு வரும்வரை இடம் உள்ளது உள்ளபடி இருக்க வேண்டும் என்று உத்தரவிடுவது பழைய வழக்கம். ஸ்டேட்டஸ்கோ என்றால் எல்லாருக்கும் புரியும். முன்பெல்லாம் ராத்திரியோடு ராத்திரியாக மதில் எழுப்புவார்கள். நீதிமன்ற அமீனா வந்து பார்ப்பதற்குள் கூரையும் போட்டிருப்பார்கள். நினைவுக்காரை வந்த பிறகு அந்தத் தொல்லை ஒழிந்தது. உத்தரவு நேரே சுவருக்கே போய்விடுகிறது. உத்தரவு பிறந்த அன்று வீடு எப்படி இருந்ததோ, அப்படியே ஒவ்வொரு காலையும் இருக்கும். கூடத்தில் அப்பா தலைசாய்த்த இடத்தில் எண்ணெய்க் கறை. அவர் போய் மூன்று வருடம் ஆகிறது. அம்மா துடைத்துப் பார்த்தாள். அந்த நிறம் திரும்பி வந்தது. பிறகு துடைப்பதை விட்டுவிட்டாள். அவர் படத்தை மாட்டத்தான் ஆணி நிற்கவில்லை.

வழக்கின் எதிர்த்தரப்பு வீட்டின் மறுபாதியில் குடியிருந்தது. சித்தப்பா சென்னியப்பன் அன்று காலை அண்ணிக்கு இளநீர் கொண்டுவந்தார். பூங்கோதை வாசலிலேயே மறித்தாள்.

"ஒரே ஒரு கையெழுத்துங்க சித்தப்பா. ரெண்டு பேரும் சேர்ந்து மனுப் போட்டா அந்தக் கம்பிய மட்டும் செவுரு ஏத்துக்கும்."

"நானென்ன வேண்டாம்னா சொல்றேன்? வக்கீலு உடமாட்டீங்கறாரு. கம்பிக்குச் சம்மதிச்சா கக்கூசு உங்குளுதுன்னு ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிருமாமா."

"அம்மா உழுந்துட்டா?"

சித்தப்பா இளநீரைக் கை மாற்றிப் பிடித்துக்கொண்டார். "என்ற பக்கம் மழைக்கு ஒழுகுது, தெரியுமா? உத்தரவு வந்தன்னிக்கு ஓட்டை இருந்துச்சு. அடைச்சா அடுத்த நாளே செவுரு பத்தரமா ஓட்டையத் தொறந்து வெச்சுருது. கட்டலுக்கு மேல குண்டா வெச்சுட்டுத்தான் படுத்திருக்கறேன்."

"அப்ப ரெண்டு பேருக்கும் நல்லதுதானுங்களே, கையெழுத்துப் போட்டா?"

"தீர்ப்பு வரட்டும் சாமி."

"வந்துருமுங்களா?"

"என்ற அண்ணனும் இதையேதான் கேட்டுட்டு இருந்தாரு" என்றார். இளநீரை அவள் கையில் கொடுத்துவிட்டு, முகம் பார்க்காமல் போனார்.

பூங்கோதை மிச்ச வழிகளை ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தாள். நான்கு கால் நடைவண்டி கழிவறை வாசலில் நுழையாது. வாசலை அகலப்படுத்த முடியாது. அம்மாவை ஓசூருக்குக் கூட்டிப்போகலாம். ஆனால் ஆள் மூச்சு இல்லாத பாதியை, அனுபோகம், அதாவது குடியிருந்து ஆளும் உரிமை, விட்டுப்போனதாகச் சுவரே நீதிமன்றத்துக்குத் தெரிவித்துவிடும். வழக்கு அதோடு முடிந்துவிடும்.

"நா இங்கயேதான் சாவேன்" என்று அம்மா முன்பே சொல்லியிருந்தாள். "அவரோட கறை இங்கதான் இருக்குது."

ஆள் மூச்சு. அந்தச் சொல்லில் நின்றுவிட்டாள் பூங்கோதை. உத்தரவில் சுவர் இருக்கிறது, தரை இருக்கிறது, ஓட்டைகூட இருக்கிறது. ஆட்கள் இல்லை.

அம்மாவை மெல்ல நடத்திக் கூட்டிவந்து உட்காரவைத்தாள். கம்பி இருந்த இடத்தில் தன் முதுகைப் பதித்து, முழங்கையை மடக்கி நீட்டினாள்.

"புடிச்சு எந்திரிங்கம்மா."

மரகதம் பிடித்தாள். முழு எடையும் இறங்கியது. பூங்கோதையின் தோள் இறுகியது. முதுகுக்குப் பின்னால் சுவர் சும்மா இருந்தது. அம்மா எழுந்து நின்றாள்.

"அப்ப ஓசூரு?" என்றாள், கையை விடாமல்.

"ஓசூரு எங்கீமு போயிராதும்மா."

"நீயும் போகலியே கண்ணு."

 பூங்கோதை கீழே கிடந்த திருகாணிகளைக் காலால் ஓரமாகத் தள்ளினாள்.

தீர்வு இதுதான்: அம்மா எழும் ஒவ்வொரு முறையும், கம்பி இருக்க வேண்டிய இடத்தில் பூங்கோதை நிற்க வேண்டும். தீர்ப்பு வரும்வரை.