பேச்சியம்மா அத்தையின் மாத்திரை

பேச்சியம்மா அத்தை முனகினால் சர்மிளாவுக்குப் பயம் வந்துவிடும். முப்பது வருஷம் மலையேறித் தேயிலைக் கொழுந்து பறித்தவர். வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கையாவுக்கே பயப்படாதவர். அவரே முனகினால் வலி எப்படி இருக்கும்!

முழங்கால் மாற்று ஆபரேஷன் முடிந்து, தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்துக்கு வந்து நாலு நாள்தான் ஆகிறது. அம்மா மலைக்கு வேலைக்குப் போயிருந்தார்.

"மணி என்னடி?"

"ரெண்டு, அத்தை. அடுத்த மாத்திரை ஆறு மணிக்குத்தான்."

"அதுவரைக்கும் உசுரு இருக்குமா?"

சர்மிளா அத்தையின் நெற்றி வேர்வையைத் துடைத்தாள்.

அப்போது பக்கத்து வீட்டு மார்கிரட் பெரியம்மா மாத்திரை அட்டையோடு வந்தார். லயத்தில் ஒரு வீட்டில் நோய் என்றால் யாரும் வெறுங்கையோடு வரமாட்டார்கள். ரசம் வரும், பாண் ரொட்டி வரும், மாத்திரையும் வரும்.

"இந்தாங்க, ரெண்டு போடுங்க. காலையில குடுத்தது வலிக்குக் கேட்டுச்சுல்ல?"

"காலையிலயா?" சர்மிளா திடுக்கிட்டாள். அவள் தண்ணீர் எடுக்கப் பைப்படிக்குப் போயிருந்த நேரத்தில் கொடுத்திருக்கிறார்!

அட்டையை வாங்கிப் பார்த்தாள். பெரிய எழுத்தில் ஏதோ பேர். அடியில், எறும்பு போலச் சின்ன எழுத்தில், பரசிட்டமோல். ஆஸ்பத்திரியில் மாத்திரை போட்டுத் தந்த உறையை எடுத்தாள். அதிலும் பரசிட்டமோல்!

"அத்தை, போடாதீங்க! ரெண்டும் ஒரே மருந்து!"

"குடுடி இங்க! வலி எனக்கா, உனக்கா?"

அத்தையின் கோபம் ஊரறிந்தது. ஆனாலும் சர்மிளா அட்டையை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டு, தோட்டத்து நர்ஸுக்குப் போன் செய்தாள்.

"விடியக்காலம் ரெண்டு, காலையில ரெண்டு, பகல் ரெண்டு போட்டுட்டாங்க, மிஸ். அத்தைக்கு ஏதும் ஆகுமா?"

"பயப்படாதே. ஆனா இனி ஒண்ணுகூடக் குடுக்காதே. நான் வர்றேன்."

நர்ஸ் வரும்வரை சர்மிளா அத்தையின் முகத்தையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். மார்கிரட் பெரியம்மா சிலுவை போட்டுக்கொண்டார்.

நர்ஸ் வந்து பார்த்தார். "இப்ப ஆபத்தில்ல. இப்படியே போட்டுக்கிட்டே போயிருந்தா ஈரலக் கெடுத்திருக்கும்." குளிர்ந்த பைப்புத் தண்ணீரைப் பையில் கட்டி, துணி சுற்றி, முழங்காலுக்கு மேல் வைக்கச் சொன்னார். காலுக்குத் தலையணை கொடுத்தார். தாங்க முடியாத வலி என்றால் உடனே தன்னைக் கூப்பிடவும் சொன்னார்.

மெல்ல மெல்ல முனகல் குறைந்தது. அத்தை சர்மிளாவின் கையைப் பிடித்துக்கொண்டார். விடவேயில்லை.

சாயந்தரம் மூன்றாம் வீட்டு ராசம்மா வந்தார். கையில் மாத்திரை.

"எங்கிட்ட நீட்டாதே, ராசம்மா. முதல்ல எங்க சர்மிளா வாசிக்கட்டும்" என்றார் அத்தை.