ஆறாத ஜாடி

ஜாடி மறுபடியும் டிங் என்றது.

சிஹெம் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். சூளையிலிருந்து இறக்கிய அன்று, சூடு தணியத் தணிய மேல்பூச்சில் மயிரிழை விரிசல் ஓடும்போது வரும் சத்தம் அது. எப்போதாவது ஒன்று பிந்திக் கேட்பதுண்டு; இப்படி விடாமல் கேட்காது. இந்த ஜாடிக்கோ அறுபத்தைந்து வயது என்றார்கள்.

"என்னக்கா, ஜாடி உங்ககிட்ட ஏதாச்சும் சொல்லுதா?" வாசலில் காபிக் கோப்பையோடு நின்ற மொன்செஃப் இளித்தான். குயவர் ஊரான நாபூலில் இருக்கும் இந்த வீடும் ஜாடிகளும் அவன் மாமனார், செத்துப்போன குயவர் ஹம்தா விட்டுப்போனவை. "இந்தத் தடவையாவது பழசா புதுசான்னு சரியா சொல்லிருங்க."

குத்தல்தான். இரண்டு வருடத்துக்கு முன் போலிகளை அசல் என்று எழுதிக்கொடுத்தாள். அதற்கப்புறம் துனிஸில் ஒரு பழம்பொருள் கடைக்காரன்கூட அவளைக் கூப்பிடவில்லை. இதுவும் தப்பினால் இந்தத் தொழிலில் அவளுக்கு இடமே இல்லை.

"ரொம்பப் பேசாத. கதவச் சாத்திட்டுப் போ, எனக்குச் சத்தம் கேக்கணும்."

கதவு மூடியதும் தெருவில் நாரத்தம்பூ காய்ச்சும் வாசனை அறுந்து, இத்தனை நாள் பூட்டிக் கிடந்த அந்த அறையில் எங்கிருந்தோ ஈரக் களிமண் நாற்றம் மெல்ல எழ, அவள் ஜாடியைக் கவிழ்த்து அடியைப் பார்த்தாள்: தேய்ந்த விளிம்பு, புரைகளில் இறுகிய அழுக்கு, ஆணியால் கீறிய ஹம்தாவின் பெயர், ஐம்பதுகளில் மட்டும் போட்ட அந்தக் கசியும் பச்சைப் பூச்சு. எல்லாம் பழசு. ஆனால் அடுப்பிலிருந்து இறக்கிய பால்சட்டி மாதிரி உள்ளங்கையைச் சுட்டது. பக்கத்து ஜாடியைத் தொட்டாள். சில்லென்று இருந்தது. அடுத்ததும் அப்படியே.

டிங். டிங்.

ஒரே ஒரு சோதனை பாக்கி. மண் அரைக்கும் எந்திரத்தில் இடதுகை நடுவிரலைப் பறிகொடுத்தவர் ஹம்தா. சக்கரத்தில் உள்ளிருந்து மண்ணை ஏற்றும்போது அவர் விரல்கள் விடும் வரிகளில் நடுவே ஓர் இடைவெளி விழும். அதை மட்டும் எந்தப் போலிக்காரனாலும் செய்ய முடிந்ததில்லை.

ஜாடியை நிமிர்த்தி, மணிக்கட்டு தாண்டிக் கையை உள்ளே விட்டாள். வரிகள். இடைவெளி. மறுபடி வரி. அசல்! பெருமூச்சு விட்டாள்.

விரலுக்கடியில் வரி நகர்ந்தது.

ஈரம். வழுவழுப்பு. ஜாடி அசையவில்லை, உள்ளே மட்டும் மண் சுற்றியது. கையை இழுத்தாள். வரவில்லை. வாய் குறுகியிருந்தது.

"மொன்செஃப்!"

"என்னக்கா, அசல்தானே?" கதவுக்கு அந்தப் பக்கம் சிரிப்பு. "சும்மா பயமுறுத்தாதீங்க. காபி குடிச்சிட்டு வரேன்."

செருப்புச் சத்தம் தேய்ந்தது.

உள்ளே ஏதோ அவள் கையைத் தொட்டது. விரல்கள். சூடான, சேறு படிந்த விரல்கள். நான்கு. அவசரமே இல்லை. அவள் கட்டைவிரலைத் தடவின. விட்டன. ஆள்காட்டி விரல். விட்டன.

நடுவிரல்.

பிடித்தன. மெல்லத் திருகத் தொடங்கின.